எதிர்க்கடை பீரில் பீச் வாசனை

ஹோலிஸ் பிராண்ட்வோல்ட் எதிர்க்கடைக்குள் காலெடுத்து வைத்தபோது பிற்பகல் மூன்று மணி. அந்தக் கடை திறந்து நாலு வருஷமாகிறது. தெருவைத் தாண்டினால் போதும், ஆனால் மனுஷர் வீம்புக்கு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கும் குடிக்க வரவில்லை. திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தார்.

பெல்டன் பாஸ் மலையூரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்பவர்கள் இரண்டே பேர், அவரும் இந்த மரிசோல் ஆர்ச்சுலேட்டாவும். பீருக்கு உயிர் ஈஸ்ட்தான், புளிக்க வைத்து மணமும் ருசியும் தருவது அதுதான். ஒரு டேங்க் முடிந்ததும் அடியில் தங்குவதை எடுத்து அடுத்ததில் விடுவார்கள். ஹோலிஸ் பதினாறு வருஷமாக ஒரே ஈஸ்டைக் காப்பாற்றி வருகிறார். மகள் டில்டாவைத் தவிர யாரையும் தொட விட்டதில்லை. இந்த ஆகஸ்டில்தான் அவருடைய செம்பழுப்பு பீருக்கு மாவட்டச் சந்தையில் முதல் பரிசு கிடைத்தது. பழைய ஈஸ்ட் இப்போதுதான் முதிர்ந்து மணக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். முந்தாநாள் மான் வேட்டைக்கு வந்த ஒருவன், "எதிர்க்கடையிலயும் அச்சு அசல் இதே ருசிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அடடே, ஹோலிஸா! வழி தவறிட்டீங்களா?" என்றாள் மரிசோல்.

"செம்பழுப்பு ஒண்ணு குடு."

அவள் ஊற்றும்போது கை லேசாகத் தயங்கியது. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டார். பின்பக்கக் கதவை அவள் காலாலேயே தள்ளிச் சாத்தினாள். அதையும் கவனித்தார். மோந்து பார்த்தார். பழுத்த பீச் பழ வாசனை. வசந்தத்திலிருந்து அவர் பீரில் வரும் அதே வாசனை. அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இது என் ஈஸ்ட்!" மேஜையில் ஓங்கித் தட்டினார். "யாரை விட்டுத் திருடின? ராத்திரி பூட்டை உடைச்சியா?"

"மெதுவா பேசுங்க."

"ஏன் மெதுவா பேசணும்? ஊருக்குத் தெரியட்டும்!"

மரிசோல் துணியைக் கீழே வைத்தாள். "டில்டாகிட்ட கேளுங்க, ஹோலிஸ்."

"என் மகளா? அவ வித்தாளா?"

"விக்கல, எங்கிட்ட வாங்கிட்டுப் போனா. பிப்ரவரியில நீங்க முட்டி ஆபரேஷனுக்குப் போயிருந்தீங்கல்ல? கரண்ட் போயி, குளிர்பெட்டி நின்னு, உங்க ஈஸ்ட் மொத்தமும் செத்துப்போச்சு. அழுதுக்கிட்டே வாளியோட வந்து நின்னா. ஈஸ்ட் கேட்டு வந்தா இல்லன்னு சொல்றதில்ல, காசு வாங்குறதில்ல, வெளிய சொல்றதில்ல. நம்ம தொழில்ல உள்ளதுதானே?"

உள்ளதுதான். வெளியூரிலிருந்து கேட்டு வந்த எத்தனையோ பேருக்கு அவரே தன் கையால் கொடுத்திருக்கிறார்.

"அப்ப... சந்தையில?"

"எனக்கு ரெண்டாம் பரிசு," என்றாள் மரிசோல். "உங்க மால்ட், அதான் நீங்க போடுற முளைகட்டின பார்லி, நல்ல சரக்கு, ஹோலிஸ். அதை நான் குறை சொல்ல மாட்டேன்."

அந்த ஆறுதல்தான் அவரை அதிகமாகச் சுட்டது. பரிசு மேடையில் இவள் கை தட்டியதை நக்கல் என்று நினைத்து முறைத்தவர் அவர்.

பின்கதவு திறந்தது. "மரிசோல், இந்தத் தடவைக்கு ஈஸ்ட் எடுத்து வச்சிட்டியா?" என்று தன் வீடு போலக் கேட்டுக்கொண்டே டில்டா உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த காலி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வாளி எங்கே மறையும்?

"உங்களுக்கு மனசு ஒடஞ்சிரும்னுதான்ப்பா சொல்லல..."

"அது இருக்கட்டும்." ஹோலிஸ் கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லு. போன வருஷம் வரைக்கும் நம்ம பீர் எப்படி இருந்துச்சு?"

டில்டா மரிசோலைப் பார்த்தாள். மரிசோல் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள்.

"சுமாராத்தான்ப்பா இருந்துச்சு."

ஹோலிஸ் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியை மகளுக்காக இழுத்துப் போட்டார்.