கொடியில் காயாத கோவணம்

கொடியில் துணி எடுக்கும்போதுதான் எனக்கு முதலில் உறைத்தது. வேட்டி இருந்தது, துண்டு இருந்தது, என் புடவையும் ரவிக்கையும் இருந்தன. கோவணம் மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால் மாசிக்கு அப்புறம் ஒரு கோவணத்தைக்கூட நான் துவைத்த ஞாபகம் இல்லை. பதினான்கு வருஷமாக என் புருஷன் வீரமுத்துவின் அழுக்கைத் துவைக்கிறவள் நான். சேறு எது, வேர்வை எது, கள் சிந்தியது எது என்று துணியைப் பார்த்தே சொல்லுவேன். அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல் ஒரு மனுஷன் தன் கோவணத்தைத் தானே துவைத்துக்கொள்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

தேடிப் போனேன். பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத முள்வேலியில் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் துவைத்தும் போகாத பச்சைக் கறை. மோந்து பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம், மோந்துதான் பார்த்தேன். ஏதோ இலைச்சாறும் வேப்பெண்ணெயும் சேர்ந்த வாடை. அதற்கடியில் அழுகின மாதிரி இன்னொரு வாடை. அதை நான் பொருட்படுத்தவில்லை. இலை அரைத்த கை யாருடையது என்பதில்தான் என் புத்தி போய் நின்றது.

அப்புறம் எல்லாமே கணக்காகப் பொருந்தியது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முதுகு தேய்த்துவிட என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். கேட்டால், "ஒடம்புல சூடு ஜாஸ்தியாக்கீது" என்று சொல்லிக் கட்டிலை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஞாயிறுதோறும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு சங்கத்துக் கூட்டம் என்று கிளம்புவார். எங்கள் சாதிக்கு இருபது சதவீதம் இட ஒதுக்கீடு கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. என் புருஷனும் போராட்டத்தில் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையை சங்கத்துச் சின்னராசுதான் உடைத்தான். கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்று கேட்டான். "அண்ணி, அண்ணனுக்கு எங்க மேல இன்னா கோவம்? சித்திரைக்கு அப்பால ஒரு கூட்டத்துக்கும் வர்ல."

அன்றைக்கே என் மனசு ஒருத்தியைப் படைத்துவிட்டது. அவளுக்கு மூக்குத்தி போட்டேன், என்னைவிடப் பத்து வயசு குறைத்தேன், கூந்தலை இடுப்புக்குக் கீழே இறக்கினேன். களை எடுக்கும்போது அவளோடுதான் சண்டை போட்டேன். சோறு வடிக்கும்போது, அவளும் இப்போது வடித்துக்கொண்டிருப்பாளா என்று தோன்றி, கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முக்காடு போட்டுக்கொண்டு அவர் ஏறிய பஸ்ஸிலேயே முன்பக்கமாக ஏறினேன். கள்ளக்குறிச்சியில் அவர் பஸ் மாறினார், நானும் மாறினேன். கச்சிராயபாளையத்தில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி மலையடிவாரத்துக்கு நடந்தார். நடையைப் பின்னாலிருந்து அப்போதுதான் கவனித்தேன். கால்களை அகட்டி அகட்டி வைத்தார். பலாமரத்தடியில் ஒரு கூரை வீடு. அதிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள். முப்பது வயசிருக்கும். மூக்குத்திகூட இருந்தது. "வாங்க" என்று சிரித்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், தட்டிக்கதவு சாத்திக்கொண்டது.

நான் அதை உதைத்துத் திறந்தேன்.

உள்ளே கட்டிலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் பால் வெள்ளை. என் புருஷன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வேட்டியை விலக்கிக்கொண்டு நின்றார். அவள் அவர் முன்னால் குந்தியிருந்து, பார்த்ததைக் கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன வாரத்துக்கு இப்ப கோழிக்கொண்டை கணக்கா பெருத்திருக்கு மாமா. தொட்டா ரத்தம் வருது. தொடையிடுக்குல கட்டி ஒண்ணு, நெல்லிக்காய் அளவு."

என்னைப் பார்த்ததும் அவர் வேட்டியை மூடினார். என்னிடமிருந்து மூடினார். அவளிடமிருந்து மூடவில்லை. அந்த நிமிஷம் நான் புண்ணைப் பார்க்கவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அவள் பெயர் பூமாலை. கிழவர் அவளுடைய மாமனார், மலையில் பேர்பெற்ற வைத்தியர். பார்வை போனபிறகு மருமகள்தான் அவருக்குக் கண். நான் அவளை ஏதேதோ திட்டினேன். அவள் இலை அரைத்த கையைக் கழுவிக்கொண்டு அமைதியாகச் சொன்னாள். "ஆடி மாசமே சொல்லிட்டோம் அக்கா. இது எங்க இலைக்கு அடங்கற புண்ணு இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. வூட்டுல சொல்ல மாட்டேன்னு அழுதாரு."

அவளிடம் அழுதிருக்கிறார். அப்பன் செத்தபோதுகூட என் முன்னால் அழாத மனுஷன்.

திரும்பி வரும்போது அணைக்கரையில் நிறுத்திக் கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முன்தோலு எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பின்னால போவாது. மாசியில உள்ள ஒரு பரு கணக்கா வந்துச்சி. வலியே இல்ல, வுட்டுட்டேன். அப்பால நாத்தம், கசிவு. பொம்பள சீக்குன்னு நீ நெனச்சுக்குவேன்னு பயந்தேன்."

"அத மறைக்கறதுக்கு ஒரு பொம்பளகிட்ட போயி காட்டிக்கினியா?" என்றேன். அவருக்கு 'ங்க' போட எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. சதை எடுத்துச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் ஆணுறுப்பில் வரும் புற்று மாதிரிதான் இருக்கிறது என்றார். தோல் இறுகி உள்ளே அழுக்கு சேர்வது, பீடி, வருஷக்கணக்கில் ஆறாத எரிச்சல், இப்படிப் பல காரணம் இருக்கலாம், கெட்ட சகவாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். குளிக்கும்போது தோலைப் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும், போகாவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன், அது போதும், இதை ஆம்பளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்று வருத்தப்பட்டார். பரு வந்த மாசமே வந்திருந்தால் கொஞ்சத்தோடு போயிருக்கும். இப்போது ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும், மூத்திரம் போக வழி வைத்துவிடுவார்கள். தொடையிடுக்குக் கட்டிக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. ஒவ்வொரு வாரமும் கணக்குதான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவர் மெதுவாகக் கேட்டார். "எடுத்துட்டா உனக்கு எதுக்கு நானு?"

"எடுக்காமலே ஏழு மாசமா எனக்கா இருந்த?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொன்னேன்.

பாண்டிச்சேரிக்குக் கிளம்ப அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பிறந்த அன்றே இட ஒதுக்கீட்டுக்காகச் சங்கத்தின் சாலை மறியலும் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடாது என்றார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார் அவர். அந்த முகத்தில் தப்பித்த சந்தோஷம் தெரிந்தது. நான் மாட்டு வண்டியைப் பூட்டினேன். வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்து, கயிற்றை நானே பிடித்தேன்.

எலவனாசூர்கோட்டை தாண்டுமுன் முதல் மரம். அம்பது பேருக்குமேல் இருந்தார்கள். முன்னால் சின்னராசு.

"எங்க அண்ணி போறீங்க? மாட்டு வண்டியும் வுடக்கூடாதுன்னு சங்கத்து உத்தரவு."

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு? இன்னா சீக்கு?"

அவர் எழுந்து உட்கார்ந்து, "வயித்து வலி" என்றார்.

யாரோ சிரித்தார்கள். "காலையிலேர்ந்து வர்றவனுக்கெல்லாம் வயித்து வலிதான் அண்ணே" என்றான் சின்னராசு. "வயித்து வலின்னா வூட்டுலயே கஷாயம் குடிச்சிக்கினு படுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொன்னால் வண்டியை விட்டுவிடுவார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பேச்சு முழுக்க அவருடைய இடுப்புக்குக் கீழே வந்து நிற்கும். டீக்கடையில் நிற்கும், களத்துமேட்டில் நிற்கும். பூமாலை பார்த்ததையே என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் மனசால் பார்ப்பதை நான் எப்படிப் பொறுப்பேன்?

"அவருக்கு இல்ல, எனக்கு" என்றேன். "கர்ப்பப்பையில புத்து. ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அவரு சொல்ல வெக்கப்படறாரு."

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். சின்னராசு கை கூப்பிவிட்டான். டாக்டர் சீட்டை இடுப்பிலிருந்து எடுக்கப் போனேன், வேண்டாம் அண்ணி என்று தடுத்தான். நல்லவேளை, அதில் அவர் பெயர் இருந்தது. நான் இறங்கி வைக்கோலில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். நுகத்தடிக்குப் பின்னால் அவர் உட்காரும்போது பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நாலு பேர் வண்டியைத் தூக்காத குறையாக மரத்தைச் சுற்றி வயலில் இறக்கி ஏற்றிவிட்டார்கள். "அடுத்த எடத்துலயும் எம் பேரச் சொல்லுங்க. அண்ணியப் படுக்க வச்சிக்கினே போங்க" என்றான் சின்னராசு.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி இடம் மாற்றிக்கொண்டோம். ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, "துணிய மாத்தணும், அவுருங்க" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விலக்கினார். ஏழு மாசம் கழித்துப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். கோழிக்கொண்டை என்று அவள் சொன்னது சரிதான். சரியாகச் சொல்லியிருக்கிறாளே என்று அப்போதும் எரிந்தது.

கழுவித் துடைத்துவிட்டுப் புதுத் துணியை எடுத்தேன்.

"அவ எத்தினி சுத்து சுத்துவா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டு."

நான் மூன்று சுற்றிக் கட்டினேன். பழைய கோவணத்தைத் தொட்டியில் அலசிப் பிழிந்து, வண்டியின் பக்கத்து மூங்கிலில், ரோட்டில் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் போட்டேன். வண்டி நகர்ந்தது. வெயிலில் அது படபடத்துக் காயத் தொடங்கியது. தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே அடுத்த புளியமரம் இலையோடு கிடந்தது. மறுபடியும் வைக்கோலில் படுத்துக்கொள்ள, நான் கயிற்றை அவர் கையில் கொடுக்கத் திரும்பினேன்.