எந்த வீட்டுக்குப் பெட்டி கட்டுவது

பல்கலைக்கழக ஊரான லூவனில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் யாரும் கண்ணயர முடியாது. பெகின் குடியிருப்பின் கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று உருளும். மாணவர்கள் எல்லாரும் ஒரு வாரத்து அழுக்குத் துணியோடு வீட்டுக்குப் போவார்கள். ஞாயிறு மாலை துவைத்த துணியும் டப்பா டப்பாவாகச் சூப்புமாகத் திரும்புவார்கள். பரீட்சையில் கோட்டை விட்டவனைக்கூட ஊர் மன்னித்துவிடும், சனிக்கிழமை அறையில் கிடப்பவனை மன்னிக்காது.

லென்னெர்ட்டும் பெட்டி கட்டிவிட்டான். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. புதன்கிழமைதான் அம்மா அப்பாவைப் பிரிந்து, ஹாசெல்ட் வீட்டைவிட்டு மெக்கெலன் ஊரில் தனி வீடு பார்த்துப் போயிருந்தாள். "எங்க வந்தாலும் சரிடா, உன் இஷ்டம்" என்று எழுதியிருந்தாள். அப்பாவும் அச்சு அசலாக அதையே எழுதியிருந்தார். இந்த ஒன்றில் மட்டும் என்ன ஒற்றுமை!

எழுநூறு வருஷத்துக்கு முன், கல்யாணமும் வேண்டாம் கன்னியர் மடமும் வேண்டாம் என்ற பெண்கள் குடியேறிய இடம்தான் இந்தப் பெகின் குடியிருப்பு. எப்படித்தான் துணிந்து முடிவெடுத்தார்களோ. இவனுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பக்கத்து அறை நெலே எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, பெட்டிக்குக் காவலா? ரயில் போயிடும்."

"எந்த ரயில்னு தெரியலயே."

"மூணு மாசமா அதே ரயில்லதானே போறே" என்று சிரித்துவிட்டுத் தன் பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

யார் மனமும் நோகக் கூடாது என்று அவன் ஒரு காரியம் செய்தான். அம்மாவுக்கு "இந்த வாரம் அப்பாகிட்ட" என்றும், அப்பாவுக்கு "இந்த வாரம் அம்மாகிட்ட" என்றும் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, இரண்டு பேரையுமே நோகடித்திருக்கிறான். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் போனை அணைத்துப் போட்டான்.

சனிக்கிழமை, மாணவர்கள் தங்கும் அந்தப் பழைய பெகின் வீட்டில் அவன் ஒருவன்தான். மதியம் போனை மறுபடி ஆன் செய்ததுமே அப்பா அழைத்தார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா. அம்மா சூப் வச்சாங்க."

"அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. என் துணியத் துவைச்சிட்டிருக்காங்க."



"உன் குளிர்கோட்டு அம்மா சாமானோட கலந்துடுச்சாம். நீ இங்க இருப்பேன்னு எடுத்துட்டு வந்தா. இப்ப என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கா."

லென்னெர்ட்டுக்கு அவமானத்தில் காது எரிந்தது. போன் கைமாறியது. அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"எங்கடா இருக்கே?"

"என் ரூம்லதாம்மா."

"அங்கயே இரு. நாங்க வர்றோம்."

ஒரே காரிலா, இரண்டு காரிலா என்று கேட்காமல், அவன் கட்டிய பெட்டியை அவிழ்த்தான்.