எடை எழுதிய குழாய்

“மண்ணுக்குப் பலம் இருக்குன்னா, அது ஏன் எழுந்து நிக்கல?”

மண் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வயது மகள் அம்மாவிடம் கேட்டாள். மண்ணை அழுத்தி உடைத்து, அதன் பலத்தை எண்ணாகச் சொல்வதுதான் அம்மாவின் வேலை. நிலத்தில் துளை போட்டு மண் எடுத்து வரும் பெரியவர் சிரித்தார்.

“நிக்கிறவங்களைத் தாங்கணும்ல கண்ணு, அதான் படுத்திருக்கு.”

அன்று மகளுக்குக் காய்ச்சல். அந்தப் பதற்றத்தில் அம்மா, பெரியவர் களிமண் எடுத்து வந்த இரும்புக் குழாயைக் கீழே போட்டுவிட்டாள். குலுங்கிய மண் சோதனைக்கு ஆகாது. மேலாளர் கத்த வாயெடுக்கும் முன், “நான்தான் ஜீப்புல சரியாக் கட்டலங்க” என்று பெரியவர் முந்திக்கொண்டார். ஏச்சும் வாங்கிக்கொண்டு, கொட்டும் மழையில் மறுபடி துளை போடப் போனார்.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. பெரியவர் இறந்து இருபது நாளாகிறது.

அவர் கடைசியாகத் துளை போட்டது பள்ளிக்கூடம் வரப்போகும் நிலத்தில். நாலு இறக்கை வைத்த கம்பியை அங்கேயே மண்ணில் இறக்கித் திருகி, பலம் பதினெட்டு என்று எழுதியிருந்தார். அதே துளையின் மண்ணைக் கூடத்தில் அம்மா சோதித்தபோது நாற்பது வந்தது.

“கடைசியில அவருக்குக் கை நடுங்கிச்சு, பாவம். களத்துல தப்புன்னு எழுதிடும்மா. போனவருக்கு என்ன ஆகப்போகுது?” என்று சொல்லிவிட்டு மேலாளர் சாப்பிடப் போனார்.

அவள் கிடங்கிலிருந்து அதே துளையின் இன்னொரு குழாயை எடுத்து வந்தாள். அதன் மேல் பெரியவர் பெயின்டால் எடை எழுதியிருந்தார். அந்தப் பழக்கம் அவருக்கு மட்டும்தான். “பொறந்த குழந்தையா இது, எடை பாக்க?” என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள்.

தராசில் வைத்தாள். எழுதியிருந்ததைவிட நூற்று நாற்பது கிராம் குறைந்தது. ஈரம் போகாமலிருக்க மூடியில் பூசிய மெழுகில் மயிரிழை விரிசல். ஈரம் போன களிமண் பலசாலி வேஷம் போடும். வாரா வாரம் மெழுகைப் பார்க்க வேண்டியவள் அவள். ஒரு மாதமாகப் பார்க்கவில்லை.

கண் கலங்கியது. இரண்டாவது முறையும் அவர் தலையிலா?

“களத்தில் தவறில்லை. மாதிரி காய்ந்தது என் கவனக்குறைவு. பதினெட்டையே கொள்க” என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மேலாளர் வந்தால் கத்துவார். முந்திக்கொள்ள இம்முறை ஆளில்லை. கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. பெயின்ட் எழுத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.