அம்மாள் வந்த முகம்

உள்ளிப்பூண்டை அரைத்துப் பூசினால் பரு ஒரே நாளில் வற்றிப்போகும் என்று கைப்பேசியில் சொன்ன பெண்ணின் முகத்தில் ஒரு பரு கூட இருக்கவில்லை. பிரஷாந்திக்கு அது அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, காய்ந்து பொருக்காகிப்போன உள்ளி விழுதை நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விழுதோடு சேர்ந்து கன்னத்துத் தோலும் வழன்று வந்தது. பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பத்து நிமிடத்துக்கே இவ்வளவு பலன் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டது பிரஷாந்தியின் சொந்தப் புத்தி. எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மின்விசிறியின் கீழ் படுத்தவள், முதல் நாள் இரவெல்லாம் தூங்காத களைப்பில் கண்ணயர்ந்தும் போனாள்.

இரண்டு கன்னங்களிலும் நாடியிலும் நெற்றியின் ஓரத்திலும் சிவந்து தடித்து, நடு நடுவே நீர்கோத்த கொப்பளங்கள். பழைய பருக்கள் எங்கே போயின என்று தேட வேண்டியிருந்தது. அந்த வகையில் வைத்தியம் பலித்துத்தான் இருந்தது.

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அப்பா கனகசிங்கம் சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் பார்க்க வயல்வட்டைக்குப் போய், வயற்கரை வாடியிலேயே தங்கியிருந்தார். அம்மா புஸ்பம் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில் திறக்கிற கோயில் கதவு அன்றைக்குத்தான் திறந்திருந்தது. கடைசி நாளில் அம்மனைக் குளிர்விக்கக் குளிர்த்தி பாடி மறுபடி கதவு சாத்தும்வரை வவுணதீவுப் பக்கத்துச் சனங்களுக்கு வேறு சிந்தனை இருக்காது. அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மியில் உள்ளி அரைக்க பிரஷாந்திக்குக் கிடைத்த பகல் அதுதான்.

இத்தனைக்கும் காரணம் பாசிக்குடாவில் இருக்கிற ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை. நேர்முகப் பரீட்சையில் அவளுடைய இங்கிலீசைக் கேட்டுத் தலையாட்டிய பெண், எல்லாம் முடிந்து எழும்புகிற நேரத்தில், "முகத்த மட்டும் கொஞ்சம் கவனிங்க தங்கச்சி. முன்னுக்கு நிக்கிற வேலை" என்று மெதுவாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவோம் என்பதையும் அதே குரலில் சொன்னாள். அன்றிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும், தேனும் கறுவாப்பட்டைத் தூளும், தயிர், தேசிக்காய்ச் சாறு, முல்தானி மெட்டி என்று ஒரு விருந்துக்குச் சமைக்கிற அளவு சாமான் அவளுடைய முகத்தில் ஏறி இறங்கியது. பருக்கள் அசையவில்லை. சாப்பாட்டுக் கடையில் பில் எழுதியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் காலத்தைக் கழித்தவளுக்கு, படித்த படிப்புக்கு ஏற்றதென்று வந்த முதல் வேலை அது. இதை விட்டால் இனி வராது என்று அவள் நம்பினாள்.

புஸ்பம் பொழுது சாய்கிற நேரத்தில் வந்தாள். வாசலில் கால் வைத்தவள் ஒருகணம் நின்று மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஷாந்தி வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டன.

"தாயே, கதவு திறந்த அண்டைக்கே என்ட வீட்டுக்கு வந்திட்டியா?"

அம்மாள் என்று எல்லோரும் சொல்கிற கொப்பளிப்பான், அம்மை வருத்தம். பிரஷாந்திக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். உள்ளி என்று சொன்னால் இரவு விடிய விடிய ஏச்சு விழும். ஹோட்டல் வேலை என்று சொன்ன நாளிலிருந்தே அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த முகத்தைச் சாட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுவாள். அம்மாள் வந்த பிள்ளையை யாரும் ஏச முடியாது. இன்றைக்கு இப்படியே போகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். இப்படித்தான் மனிதர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் அம்மாளுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அம்மா அன்றிரவே வாசலில் வேப்பிலை கட்டினாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். மீன் இல்லை, தாளிதம் இல்லை, ஆஸ்பத்திரிப் பேச்சே இல்லை. தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வேலிப் படலையைத் தாண்டக் கூடாது. தண்ணீர் வார்ப்பதோ குளிர்த்திக்குப் பிறகுதான். அதாவது திங்கட்கிழமை போய், அந்தக் கிழமையும் போனபிறகு. சனிக்கிழமை காலையில்தான் இது பிரஷாந்திக்கு உறைத்தது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து வாய்வரை வந்ததை விழுங்கினாள். இத்தனை வேப்பிலை கட்டியபிறகு, அம்மா வாசலில் விழுந்து கும்பிட்டபிறகு, இது அம்மியில் அரைத்த உள்ளி என்று எப்படிச் சொல்வது? அம்மாளைச் சாட்டி விளையாடினாயா என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது?

அம்மா ஒரு வேலையை மட்டும் ஒழுங்குக்கு மாறாகச் செய்தாள். கற்றாழை மடலைச் சீவி, உள்ளே இருக்கிற சோற்றை ஏழு தண்ணீரில் கழுவி, மகளின் கன்னத்தில் விரல் படாமல் மெல்ல மெல்ல வைத்தாள். அம்மாள் வந்தால் மருந்து தொடக் கூடாது என்று ஊருக்கே சொல்கிறவள் அவள். "இது மருந்தில்ல, குளிர்ச்சி" என்று யாரும் கேளாமலே சொன்னாள். எரிவு அடங்கிய சுகத்தில் பிரஷாந்தி அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தங்கம் மாமி வந்து படலைக்கு வெளியே நின்றாள். அப்பாவுக்குத் தூரத்துத் தங்கச்சி. ஊரில் எந்த வீட்டுச் செய்தியும் அவளைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போகாது. உள்ளே பாயில் கிடந்த பிரஷாந்திக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எப்பிடி கா இரிக்கு புள்ளைக்கு?"

"இரிக்கா மச்சாள். அம்மாள் பாத்துக்குவா."

"முகத்தில மட்டுந்தானா? முதுகில, நெஞ்சில போட்டிரிக்கா? சும்மா வெயில் கொப்பளமா இரிந்தாலும் இரிக்கும், பாத்தயா?"

"பாத்த நான். முதுகு நிறைய முத்துப் போட்டிரிக்கு" என்றாள் புஸ்பம்.

பிரஷாந்தி எழுந்து உட்கார்ந்தாள். கையைப் பின்னால் வளைத்துச் சட்டைக்குள் விட்டுத் தடவினாள். முதுகு வழவழவென்று இருந்தது. அம்மா ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கட்டுமா என்று கேட்கக்கூட இல்லை. வாசலில் நின்று இழுத்த அந்த மூச்சும், குளிர்ச்சி என்று வைத்த கற்றாழையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. தான் அம்மாவை ஏய்த்துக்கொண்டிருப்பதாக அல்லவா இவ்வளவு நேரமும் வெந்துகொண்டிருந்தாள்!

மாமி போனபிறகு அவள் அடுப்படிக்குப் போனாள். புஸ்பம் சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ட முதுக நீங்க பாக்கவே இல்லயே."

"எழும்பி வராத. போய்ப் படு."

"இது அம்மாள் இல்ல. நான் உள்ளி அரைச்சிப் பூசின நான்."

சுளகு நிற்கவில்லை. "தெரியும்" என்றாள் புஸ்பம். "வாசல்ல கால் வைக்கக்குள்ளயே மணந்த. அம்மியும் கழுவாம கிடந்த."

"தெரிஞ்சுமா வேப்பில கட்டின நீங்க? கோயில் கதவு திறந்து கிடக்கக்குள்ள?"

"ஓம், கட்டின நான். வேற என்னத்தச் செய்ய? வேணாமெண்டு நான் சொன்னாக் கேப்பியா? அப்பாவும் ஓமெண்டிட்டார். அம்மாளத் தாண்டி ஒருத்தரும் போகேலாதெண்டு கட்டின நான்." சுளகு இப்போது நின்றிருந்தது. "கண்டவனுக்கும் முன்னால நிண்டு சிரிக்கிற வேலைக்கு நீ போகத் தேவையில்ல. நாளைக்கு ஒரு கதை வந்தா ஊர் உன்ன என்ன பாடு படுத்துமெண்டு ஒனக்குத் தெரியா. அம்மாளுக்கு நான் பதில் சொல்லிக்குவன்."

கடைசிச் சொல்லில் குரல் இடறியது. கல் தடக்கினாலும் அம்மாளைத்தான் கூப்பிடுகிறவள். வருடம் தவறாமல் மடிப்பிச்சை எடுத்து நேர்த்தி தீர்க்கிறவள். அந்தப் பெயரில் பொய் சொல்லியிருக்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள் என்று பிரஷாந்திக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் தணியவில்லை. அம்மாவின் பயத்துக்குத் தான் காவல் கிடக்க முடியாது என்றுதான் பட்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் அவள் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, அம்மாவின் தலையணைக்குக் கீழேயிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். புஸ்பம் கிணற்றடியில் நின்றாள். "போய்ட்டு வாறன்" என்றதற்குத் திரும்பவில்லை. தடுக்கவும் இல்லை. அதுதான் கூடுதலாகப் பயத்தைத் தந்தது.

நகரத்துக்குப் போகிற முதல் பஸ் பாதி நிறைந்திருந்தது. நடுவில் ஒரு யன்னலோர இருக்கை கிடைத்தது. உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, மூச்சுவிடுவதற்குள் முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயோ, இது புஸ்பத்திட மகளெல்லவா? அம்மாள் போட்ட புள்ள!"

சின்னத்தங்கம் மாமி. மரக்கறிக் கூடையோடு சந்தைக்குப் புறப்பட்டிருந்தாள். அவளுக்குப் பொல்லாத மனம் இல்லை, உண்மையாகவே பதறிப்போனாள். பதற்றம் பஸ் முழுக்கப் பரவியது. பக்கத்து இருக்கையிலிருந்த பெண் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள். முன் இருக்கை வெறுமையாகியது, பின் இருக்கை வெறுமையாகியது. எழும்பியவர்கள் முன்கதவருகே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்க" என்றார் நடத்துனர். "புள்ளைகள் ஏறுற பஸ். இறங்கிக்கங்க."

"அம்மாள் இல்ல அண்ண. சும்மா ஒண்டு பூசிப் பத்தினது."

"என்ன பேசுறாய் மகள்?" என்றாள் மாமி. "முதுகு நிறைய போட்டிரிக்கெண்டு நேத்து அம்மாதானே சொன்ன. அம்மாள வச்சி அவ பொய்யா சொல்லப் போறா?"

ஓம், பொய்தான் என்று சொன்னால் போதும். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாலும் போதும். பஸ் புறப்படும், அவள் பாசிக்குடாவுக்குப் போய்விடுவாள். ஆனால் கோயில் கதவு திறந்திருக்கிற கிழமையில் அம்மாள் பெயரால் பொய் சொன்னவள் என்ற பேரோடு அம்மா இந்த ஊரில்தான் இருக்க வேண்டும். மடிப்பிச்சைக்கு எந்த வாசலில் போய் நிற்பாள்? எந்த முகத்தோடு குளிர்த்திக்குப் போவாள்? பிரஷாந்திக்கு இறங்கவும் மனமில்லை, சொல்லவும் முடியவில்லை. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சாரதி எஞ்சினை நிறுத்தினார்.

அப்போதுதான் பின்கதவால் புஸ்பம் ஏறினாள். தோட்டத்து வழியால் ஓடிவந்திருக்க வேண்டும். சேலையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. மகளின் கையைப் பிடித்து இழுப்பதற்கு நீட்டிய கையோடுதான் வந்தாள். எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

"நல்ல வேளைக்கு வந்த கா. கூட்டிட்டுப் போ" என்றாள் சின்னத்தங்கம்.

புஸ்பத்தின் கை பாதியில் நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை. மகளைச் சுற்றி வெறுமையாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்தாள். முன்கதவருகே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற சனத்தைப் பார்த்தாள். எல்லாம் பழகின முகங்கள், உறவுக்காரர், கோயிலில் தோளோடு தோள் நிற்கிறவர்கள்.

"அம்மாள் இல்ல மச்சாள்" என்றாள்.

"என்ன?"

"உள்ளி. பருவுக்கு உள்ளி பூசி வெந்து போன முகம் இது. நான்தான் அம்மாளெண்டு பொய் சொன்ன நான். முதுகில ஒண்டுமில்ல."

குளிர்த்திக்குக் காப்புக் கட்டியிருந்த ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புஸ்பம் மகளுக்குப் பக்கத்தில், அந்தப் பெண் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி கையை விரித்து, கொப்பளம் போட்ட கன்னத்தில் உள்ளங்கை முழுவதையும் வைத்தாள்.

உயிர் போகிற மாதிரி வலித்தது. பிரஷாந்தி கம்பியை இறுகப் பிடித்தாளே தவிர முகத்தை எடுக்கவில்லை. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன, உதடுகள் சத்தமில்லாமல் அம்மாளிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. நடத்துனர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி, இழுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.