தொட்டில் மரம்

'துணி கட்டாதீர்கள்' என்று எழுதி நட்டிருந்த பலகையின் காலிலேயே யாரோ ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தாமிரா குனிந்து அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. மண்டியிட்டுப் பல்லால் கடித்து இழுத்தாள். அதற்குள் பின்னால் வந்த ஒரு கும்பல் போனை நீட்டிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏய், இங்க பாருங்க! பார்க் அம்மாவும் வேண்டிக்கிறாங்க!"

தாமிரா வாயில் சிவப்பு நூலோடு திரும்பிப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு அதுதான் அவளுக்கு அதிக ஆத்திரமாக இருந்தது.

அவள் கோங்குர்-தோர் மலைப் பூங்காவின் வனக்காவலர். குளிர்காலத்தில் அவளும் குதிரையும் பனியும்தான். கோடை வந்தால் வேலையே வேறு. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக ஆட்களைக் கட்டி மேய்க்க வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தர்பூசணியும் கறி சுடும் கம்பியுமாக வந்து இறங்கும் சனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மர்மோட்டுக்கு ரொட்டி போடாதீங்க, ஓடையில கார் கழுவாதீங்க, மரத்தடியில அடுப்பு மூட்டாதீங்க. எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். அவள் முதுகு திரும்பியதும், பாறை வளையில் வாழும் அந்தக் கொழுத்த மலை அணிலுக்கு ரொட்டி என்ன, கிரீம் பிஸ்கட்டே கிடைக்கும்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன எரிச்சல். தொட்டில் மரம் அப்படியல்ல.

ஓடைக்கு அக்கரையில், மரப்பாலத்தைத் தாண்டி, சரிவில் அர்ச்சா என்னும் ஒரு கிழட்டு ஜூனிப்பர் மரம் நின்றது. அதன் அடித்தண்டு தொட்டில்போலக் கிடையாக வளைந்து, பிறகு நிமிர்ந்து எழும். அர்ச்சா வளர்வது கண்ணுக்கே தெரியாது. மனிதன் பிறந்து கிழவனாகிச் செத்தாலும் அது ஒரு கை உயரம் கூடியிருந்தால் பெரிது. போன வருஷம் வரை அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தக் கோடையில் அதன் கிளைகளில் இலையைவிடத் துணிதான் அதிகம். குழந்தை வேண்டுமென்று வருகிறவர்கள் துணி கட்டினார்கள். கட்டிவிட்டுச் சும்மா போகாமல், வீட்டில் புகை போட ஆளுக்கொரு கொப்பையும் ஒடித்துக்கொண்டு போனார்கள். வேர்மேல் மிதித்து மிதித்து மண் காங்கிரீட்டாகிவிட்டது. தெற்குப் பக்கத்துக் கிளை ஒன்று பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தாமிரா விசாரித்துக்கொண்டே போனாள். விசாரணை அவள் குடிசையிலேயே, அவள் எதிரில் உட்கார்ந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்த கூபாத்திடம் வந்து நின்றது.

கூபாத் தற்காலிக ஆட்களில் ஒருவர். மாவட்ட நாடகக் கொட்டகையில் நடித்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் மந்திரி வேடம், சில சமயம் குதிரைக்காரன். தாமிராவைவிட மூத்தவர். அவரை வேலை வாங்குவதில் அதுவே பாதிச் சிக்கல்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்த மரத்தைப் பத்தி யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

கூபாத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போன வருஷம் ஒரு பொண்ணு அந்தப் பாலத்துல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு, தங்கச்சி. கல்யாணம் ஆகி ரொம்ப நாளாச்சாம், பிள்ளை இல்லையாம். சும்மா பார்த்துட்டுப் போக முடியுமா?"

"அதனால?"

"அந்தக் காலத்துல ஒரு ராணி இந்த மரத்தோட வளைவுல படுத்துத் தூங்கினா, கனவுல தொட்டில் கண்டான்னு சொன்னேன்."

"எந்த ராணி?"

"பேரெல்லாம் வைக்கல. அவசரத்துல சொன்னது."

"துணி?"

"அந்தப் பொண்ணு, நான் ஏதாவது செய்யணுமான்னு கேட்டுச்சு. கழுத்துல துண்டு கட்டியிருந்துச்சு. அதைக் கட்டிட்டுப் போம்மான்னேன்." பிறகு தாங்க முடியாத பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "ரெட்டைப் பிள்ளை பிறந்திருக்கு."

அந்தப் பெண் இரட்டைக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போட்ட வீடியோவை நாடே பார்த்திருந்தது. தாமிரா மட்டும் பார்த்திருக்கவில்லை. பள்ளத்தாக்கில் இன்டர்நெட் கிடைப்பதில்லை.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும்ண்ணே."

"போடு. ஆனா அந்தப் பொண்ணு அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டுப் போச்சு."

அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். ஆனால் பாதிக் கோடையில் வேறு ஆள் கிடைக்காது. இருக்கும் இன்னொருத்தி பெகிமாய், வனவியல் படிக்கும் மாணவி. அவள் ஒருத்தியால் வாசலையும் பார்த்துக் காட்டையும் பார்க்க முடியாது. அதனால் தாமிரா வேறு வழி யோசித்தாள். கட்டிவிட்ட வாயே அவிழ்க்கட்டும்.

சனிக்கிழமை பாலத்தருகில் கூட்டம் நெரிந்தது. கூபாத்தை ஒரு பாறைமேல் ஏற்றிவிட்டாள். அவர் கால்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும் மேடைக் குரலில் பேசினார்.

"சனங்களே! இந்த மரத்தைப் பத்தின கதையை நான்தான் சொன்னேன். அது பொய். ராணியும் இல்ல, கனவும் இல்ல. என் வாயில வந்தது. தயவுசெஞ்சு மரத்தைத் தொடாதீங்க. அது செத்துக்கிட்டு இருக்கு."

தாமிரா கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். முன்வரிசையில் நின்ற பருத்த லாரி டிரைவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா," என்று மனைவியிடம் சொன்னார், "இவருதான் அந்தப் பெரியவரு. வரம் இருக்கறவங்க ஒத்துக்கவே மாட்டாங்க."

"இல்லப்பா, நான் நடிகன்!" என்று கூபாத் கத்தினார். "நாடகக் கொட்டகையில மந்திரி வேஷம்!"

"எவ்வளவு அடக்கம் பாரு," என்றாள் மனைவி. அவள் தன் தலைத்துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, பாறையை நெருங்கி, கூபாத்தின் சட்டைக் கையில் கட்டினாள். அவள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

குடிசைக்குத் திரும்பியபோது கூபாத்தின் இரண்டு கைகளிலும் துணி தொங்கியது. அவர் முகம் வாடிக் கிடந்தது.

"வாழ்நாள் பூரா மேடையில அழுதேன், சிரிச்சேன், ஒருத்தனும் நம்பல. இன்னைக்குத்தான் நிஜத்தைச் சொன்னேன். அதையும் நம்ப மாட்டேங்கறாங்களே, தங்கச்சி!"

பெகிமாய் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். தாமிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் தினமும் தொண்டை வறளச் சொல்கிறாள். வேர் எவ்வளவு மேலோட்டமாக ஓடும், ஒரு கொப்பு திரும்ப வர எத்தனை காலமாகும். அதை ஒரு காதும் வாங்குவதில்லை. ஒரு கிழவர் டீ குடிக்கிற நேரத்தில் உளறியது மட்டும் மலை தாண்டிப் போய்விடுகிறது.

பூங்காவின் டைரக்டர் துராத், வயதில் அவளைவிட இளையவன், திங்கட்கிழமை நகரத்திலிருந்து வந்தான்.

"அக்கா, சூப்பரா போயிட்டிருக்கு. இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல. அக்கரையில படிக்கட்டு கட்டிடலாமா? டிவிக்காரங்க வேற வர்றாங்க."

"துராத், கிளை காயுது. வந்து பாரு."

"நாட்டுல மரத்துக்கா பஞ்சம், அக்கா? கூட்டத்துக்குத்தான் பஞ்சம்."

"நீ வனவியல் படிச்சவன்தானே?"

"படிச்சேன். அதுக்கப்புறம் டைரக்டர் ஆயிட்டேன்." அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். கிளம்பும்போது வாசலில் திரும்பி, "டிவிக்காரங்க முன்னாடி கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வண்டி வளைவில் மறைந்ததும் தாமிரா கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள்.

பலகைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. பெகிமாய் ஓடி வந்து, "அக்கா, என்ன பண்றீங்க?" என்று கேட்டவள், பதிலை எதிர்பார்க்காமல் மறுமுனையைப் பிடித்தாள். கூபாத்தும் வந்து பலகைகளைச் சுமந்தார். முடிந்ததும் தாமிரா ஒரு அட்டையில் 'பாலம் பழுது' என்று எழுதி மாட்டினாள். வந்தவர்களுக்கு இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. அதை எல்லாரும் உடனே நம்பினார்கள். அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

சில நாள் நிம்மதியாகப் போயிற்று. முனகிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பனி உருகும் காலம். மதியம் தாண்டினால் ஓடை சாம்பல் நிறமாகப் பொங்கி, கல்லை உருட்டிக்கொண்டு ஓடும். யாரும் அதில் இறங்கத் துணியவில்லை.

ஒருத்தி இறங்கினாள்.

தாமிரா பார்த்தபோது அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில், கையில் மஞ்சள் துணியோடு, எந்தப் பக்கமும் நகர முடியாமல் நின்றாள். கரையில் அவள் கணவன் பெயர் சொல்லிக் கதறினான். "மேரிம்! மேரிம்!" தாமிரா பாலத்தின் கைப்பிடிக் கயிற்றை அறுத்து இடுப்பில் சுற்றி, மறுமுனையை அவனிடம் எறிந்துவிட்டு இறங்கினாள். குளிர் மூச்சை அடைத்தது. முழங்காலில் ஒரு கல் வந்து மோதியது. எட்டி அந்தப் பெண்ணின் கோட்டைப் பிடித்ததும் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். பெகிமாயும் கூபாத்தும் வந்து கயிற்றை இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் பிற்பாடு யோசிக்கவே விரும்பவில்லை.

குடிசையில் அடுப்பு கனன்றது. தாமிராவும் மேரிமும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணவனைக் கூபாத் வெளியே அழைத்துப் போயிருந்தார். மேரிம் டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பற்கள் கிண்ணத்தில் தட்டின.

தாமிராவின் முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. அத்தனை நாள் அடக்கியதெல்லாம் வெளியே வந்தது.

"செத்துப் போயிருப்பீங்க! எதுக்கு? ஒரு பொய்க்கு! அந்தக் கதையைச் சொன்ன ஆளு இதோ வெளியில நிக்கிறாரு. கேளுங்க. ராணியும் கிடையாது, தொட்டிலும் கிடையாது. வெறும் மரம்!"

"தெரியும்," என்றாள் மேரிம்.

தாமிரா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கதைன்னு எனக்குத் தெரியாதா? நான் கெமிஸ்ட்ரி டீச்சர்." அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "டாக்டர் எல்லாத்தையும் பார்த்துட்டு பிள்ளை பிறக்க வழியே இல்லன்னு சொல்லிட்டாரு. வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. சாப்பிடறப்ப கூட ஒண்ணும் சொல்றதில்ல. எங்கேயாவது போயி, ஏதாவது செஞ்சுட்டு வந்தாத்தான் திரும்பி அந்த வாசல்ல நுழைய முடியும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

வேரின் ஆழம், மண்ணின் இறுக்கம், எதுவும் இங்கே உதவாது. இத்தனை கோடைகளாகத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே வருகிறவர்களை என்ன செய்வது?

"உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று மேரிம் கேட்டாள்.

"ரெண்டு பேரு. மாஸ்கோவுல வேலை. போன் பண்ணினா எடுக்க மாட்டானுங்க."

மேரிம் சட்டென்று சிரித்தாள். தாமிராவுக்கும் வந்துவிட்டது. பற்கள் தட்டத் தட்ட இருவரும் சிரித்தார்கள்.

உடை காய்ந்ததும் தாமிரா நொண்டிக்கொண்டே அவளை இக்கரையிலேயே கொஞ்சம் மேலே, ஒரு திருப்பத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்து அக்கரை மரம் முழுதாகத் தெரிந்தது. பழுப்பேறிய கிளையும் தெரிந்தது.

"அதுக்குக் கிட்ட போகாம இருக்கறதுதான் இப்ப அதுக்கு நல்லது," என்றாள். வேறொன்றும் விளக்கவில்லை. விளக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

மேரிம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணி ஓடையோடு போய்விட்டிருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கணவன் வந்து பக்கத்தில் நின்றான். பிறகு இருவரும் காருக்கு நடந்தார்கள். போகும்போது அவன் அவள் தோளில் கை போட்டிருந்தான். அது ஒருவேளை குளிருக்காகக்கூட இருக்கலாம்.

துராத் மறுநாள் போனில் குதித்தான். பாலத்தை யாரைக் கேட்டுப் பிரித்தீர்கள், விபத்துக்கு யார் பொறுப்பு. "நான்தான் பொறுப்பு," என்று தாமிரா எழுதியே கொடுத்தாள். அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. ஆனால் ஆள் விழுந்த ஓடைக்கு அப்பால் படிக்கட்டு கட்ட அவனுக்கே பயம் வந்துவிட்டது. டிவிக்காரர்களை அருவிப் பக்கம் அனுப்பிவிட்டான். பாலம் பிரித்தபடியே கிடந்தது. கூட்டம் திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தது. சிலர் அவளைத் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். மர்மோட்டுகளுக்கு வழக்கம்போல பிஸ்கட் கிடைத்தது. காய்ந்த கிளை பிழைக்குமா என்பது அடுத்த வசந்தத்தில்தான் தெரியும்.

செப்டம்பரில் தற்காலிக ஆட்கள் கிளம்பினார்கள். கூபாத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குடிசை வாசலில் தயங்கினார்.

"அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடுவியா, தங்கச்சி?"

"வாயை மூடிட்டு இருப்பீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "திருப்பத்துல நிக்கிறவங்ககிட்ட நான் இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல. பக்கத்துல நின்னு, அவங்க பேசறதைக் கேட்டுக்கறேன். ஆனா யாராவது அழுதா, வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

தாமிராவுக்கு எரிச்சலாக வந்தது. அவரை அனுப்பிவிட்டு, வாயைத் திறக்காத ஒழுங்கான ஆளாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதுதான் சரி.

"ஜூன் மாசம் வந்துருங்க," என்றாள். "லேட்டா வந்தீங்கன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."