அளக்காத திருப்பம்

மாடிப்படித் திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டது. கால்பக்கம் சுவரில் முட்டியது; தலைப்பக்கம் கைப்பிடிக் கம்பியை விட்டு நகர மறுத்தது. தூக்க வந்தவர்கள் மூச்சு வாங்க அதை அப்படியே படிமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்கள். பெட்டிக்கு அளவு கொடுத்தவன் அவன்தான்.

நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்துச் சரியாகத்தான் அளந்திருந்தான். திருப்பத்தை மட்டும் அளக்கவில்லை. கல்லூரியில் காலவெளியையும் பல பிரபஞ்சங்களையும் பற்றிப் பாடம் எடுக்கிறவன், அப்பாவை மாடியிலிருந்து இறக்குவதில் கோட்டை விட்டுவிட்டான். வேறு நாளாக இருந்தால் அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டியிருப்பாள்.

“செங்குத்தா நிமித்தித்தான் திருப்பணும். கயிறு வேணும்,” என்றார் அவர்களில் பெரியவர். கயிறு வண்டியில் இருந்தது. தூக்க வந்தவர்கள் எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள்.

அக்காவும் தம்பியும் பெட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்கள்.

“இன்னொரு திசை மட்டும் இருந்திருந்தா, சுவத்தைத் தொடாமலே வெளிய எடுத்திருக்கலாம்க்கா,” என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து என்ன பேசுகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

“தாள்ல வரைஞ்ச கட்டத்துக்குள்ள எறும்பு. அதானே?”

அந்த எறும்பை அந்த வீட்டில் தெரியாதவர்கள் இல்லை. தாள்தான் உலகம் என்றிருக்கும் எறும்புக்குக் கோடே சுவர். மேலே என்று ஒரு திசை இருப்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியாத திசைகளும் அப்படி இருக்கலாம். இதைத் தம்பி சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். மகனுக்கு ‘அண்டம்’ என்று பெயரே வைத்துவிட்டார். “ஏன்டா அண்டம், அத்தனை உலகத்துலயும் நான் பஸ்தான் ஓட்டறேனா? ஒண்ணுலயாவது டிப்போ மேனேஜரா போட்டிருக்கக் கூடாதா?” என்பார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பிழைப்பதும் போவதும் பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். அப்பா, “நீயே சொல்லும்மா,” என்று அவளைக் கைகாட்டிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாததா என்று சொந்தக்காரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். தம்பி ஊருக்கு வரும் விமானத்தில் இருந்தான். வேண்டாம் என்று சொன்னது அவள்தான். சொல்லி, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். அந்த ஒரு சொல்தான் இப்போது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

“நான் சரின்னு சொன்ன உலகம்னு ஒண்ணு இருக்குமாடா?”

“இருக்கலாம்க்கா. கணக்கு இடம் கொடுக்குது. ஆனா யாரும் பாத்ததில்ல.”

“அங்க அப்பா இருக்காரா?”

அவன் பெட்டியின் மூடியைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. சின்ன வயதிலும் சொன்ன கையோடு மாட்டிக்கொள்வான்.

“சிலதுல இருக்காரு. சிலதுல ஆபரேஷன் மேசையிலயே போயிட்டாரு.”

“அப்படிப் போன உலகத்துல, அந்த அக்கா உன்கிட்ட என்ன கேப்பா?”

“இதையேதான். வேண்டாம்னு சொல்லியிருக்கலாமோன்னு கேப்பா.”

“நீ என்ன சொல்லுவ?”

கீழே வண்டியின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

“அப்பா தன்னோட கட்டில்ல, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, தூக்கத்துலயே போன உலகம் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவேன். அவ நம்ப மாட்டா.”

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

கயிறு வந்தது. கட்டி முடித்ததும் பெரியவர் குரல் கொடுக்க, பெட்டி மெல்ல மெல்ல நிமிர்ந்து திருப்பத்தில் நின்றது. அப்பா தன்னைவிட ஒரு தலை உயரம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. படுக்கையில் விழுந்த பிறகு அவரை நிற்க வைத்து யார் பார்த்தார்கள். உள்ளே பாரம் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்ந்தது. தம்பி பதறி நெருங்கினான். அதற்குள் அவள் இரண்டு கைகளையும் விரித்துப் பெட்டியைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். கன்னம் பலகையில் பதிந்திருந்தது.

“மெதுவாத் திருப்புங்க,” என்றாள்.