கெட்டித் தண்ணீர்

என் அக்காவுக்குத் தண்ணீர் என்றால் விஷம். பக்கவாதம் வந்து எழுந்தபிறகு கையும் காலும் பாதி திரும்பிவிட்டன, தொண்டை மட்டும் திரும்பவில்லை. சாதாரணத் தண்ணீரைக் குடித்தால் வயிற்றுக்குப் போகாமல் வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருமுறை அப்படி இறங்கி, காய்ச்சலில் கிடந்து, மூக்கில் குழாயோடு பிழைத்து வந்தாள். இன்னொரு தடவை தாங்க மாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதனால் அவள் குடிக்கிற எல்லாமே கெட்டியாக வேண்டும். அதற்கு ஒரு பொடி, டப்பாவில் வரும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் போடுவதும் இதுதானாம். விழுங்கப் பழக்கும் டீச்சர் ஆஸ்பத்திரியில் கலந்து காட்டினார். தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே தூவ வேண்டும், கொஞ்ச நேரம் விட வேண்டும், கரண்டியிலிருந்து தேன் மாதிரி வழிய வேண்டும். கலக்காத பொடி வாயில் விழுந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் என்றார். அன்றே டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

"இருமினா ரொம்பப் பயப்படாதீங்க. உள்ள போனதை வெளிய தள்ளுதுன்னு அர்த்தம். இருமாமலே உள்ள போச்சுன்னா, அதுக்குத்தான் பயப்படணும்."

நல்ல ஆறுதல். இருமினாலும் பயம், இருமாவிட்டாலும் பயம் என்று அன்றிலிருந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்காது. "சளியைக் குடிக்கிற மாதிரி இருக்குடி" என்பாள்.

"குடி. உசுரோட இருக்கிறதுக்கு இதான் வாடகை" என்பேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இன்று காலை டப்பா காலி. மருந்துக்கடையில் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆற வைத்தேன். கரண்டியைச் சாய்த்தேன். தேன் மாதிரியே வழிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதி கிளாஸ் கொடுத்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. கரண்டியைக் கிளாஸிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளி வந்து, மடித்தும் வைத்துவிட்டு மறுபடி ஊட்ட உட்கார்ந்தேன். அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை. வாயைத் திறந்தாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். ஒரு இருமல்கூட இல்லை.

"என்ன இன்னிக்கு சமர்த்தா குடிக்கிற?" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசிக் கரண்டி சற்றே சிந்தி என் மணிக்கட்டில் விழுந்தது. விழுந்தது நிற்காமல் முழங்கைவரை ஓடியது. கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கிடந்தது வெறும் தண்ணீர்.

டீச்சருக்குப் போன் போட்டேன்.

"என்ன போட்டுக் கலந்தீங்க?"

"சோள மாவு. காய்ச்சினப்ப கெட்டியாத்தாங்க இருந்துச்சு."

"வாயில வச்ச கரண்டியைத் திரும்பக் கிளாஸ்ல போட்டீங்களா?"

"ஆமா."

"எச்சில் பட்டா மாவு நீர்த்துப் போயிடும்மா. அந்தப் பிசின் அப்படி ஆகாது, அதான் அதைக் கொடுத்தோம். சரி, அவங்களை நிமிர்த்தி உக்கார வைங்க. இனிமே எதுவும் கொடுக்காதீங்க. பேசச் சொல்லிக் கேளுங்க. குரல் ஈரமா இருந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அக்காவை நிமிர்த்தித் தலையணை கொடுத்தேன்.

"அக்கா, ஏதாவது பேசு."

"என்ன பேச?"

குரலின் அடியில் களகளவென்று ஒரு சத்தம். கனைக்கச் சொன்னேன். கனைத்தாள். மறுபடி பேசச் சொன்னேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். மூச்சு குறுகிக் குறுகி வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வாயில போனதும் தண்ணின்னு உனக்குத் தெரியலையா? கையைத் தட்டி விட்டிருக்கலாமேக்கா."

அவள் வாயின் நல்ல பக்கம் லேசாக மேலேறியது.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருப்ப." மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "திட்டாதடி. தாகமா இருந்துச்சு."